கனடா மெடிக்கலும் மாமியின் பாவற்காய்ச் சாறும்

கனடாவுக்கு ஸ்பொன்சர் போட்டவர்களுக்கு மெடிக்கல் கடிதம், அதாவது விசாவுக்கு உடற்பரிசோதனை செய்யச் சொல்லும் கடிதம், வந்ததும் ஊரில் எல்லோரும் டொக்டராகிவிடுகிறார்கள். சீனி இருந்தால் வெட்டிப்போடுவாங்களாம், பிரஷர் இருந்தால் விசா இல்லையாம் என்று யாரோ சொன்னதை நம்பி, எங்கள் மாமி கடிதம் வந்த நாளிலிருந்து சோற்றை விட்டுவிட்டு விடியக்காலையில் பாவற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கினார். முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கனடா குடிவரவுக்காரர் முக்கியமாகத் தேடுவது காசநோயை. அதற்குத்தான் நெஞ்சு எக்ஸ்ரே, 11 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. 15 வயதிலிருந்து இரத்தம் எடுத்து எச்ஐவி, சிபிலிஸ், சிறுநீரகத்தின் நிலை எல்லாம் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் 5 வயதிலிருந்து சலம் (சிறுநீர்) பரிசோதிப்பார்கள்.

சீனி வருத்தம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரையும் திருப்புவதில்லை. ஒருவருடைய வைத்தியச் செலவு அங்கே அரசாங்கத்துக்கு மிதமிஞ்சிப் போகுமா என்று ஒரு கணக்கு இருக்கிறது, உண்மைதான், ஆனால் கணவன், மனைவி, பெற்றோரில் தங்கியிருக்கும் பிள்ளைகள் ஸ்பொன்சரில் போகும்போது அந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. அம்மா அப்பாவைக் கூப்பிடும்போது பார்ப்பார்கள். அதிலும் 2018இல் எல்லையை உயர்த்தி, ஒரு கனடாக்காரருக்கு ஆகும் சராசரிச் செலவின் மூன்று மடங்கு என்று வைத்தார்கள். காலையும் மாலையும் மெட்போமின் குளிசை போடுகிறவரின் செலவு அவ்வளவு தூரம் ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை. மருந்தை மறைப்பதுதான் மடைத்தனம். சலத்தில் சீனி தெரிந்தால் பிறகு மேலதிக ரெஸ்ட், அதற்கு இன்னொரு நாள், இன்னொரு பயணம். போடுகிற குளிசையின் அட்டையையும் கிளினிக் கொப்பியையும் அப்படியே கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எவ்வளவு கைராசிக்கார டொக்டராக இருந்தாலும் அவர் தரும் சேர்டிபிக்கட் செல்லாது. கனடா அங்கீகரித்தவரிடம்தான் போக வேண்டும், குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நாட்டைத் தெரிவு செய்தால் பட்டியல் வரும். நாங்கள் கொழும்புக்குத்தான் போனோம். இரவு பஸ்ஸில் ஏறினால் விடிய வெள்ளவத்தையில் இறங்கிவிடலாம், ஆனால் வயதானவர்களை நித்திரையில்லாமல் நேரே கூட்டிக்கொண்டு போனால் பிரஷர் ஏறித்தான் இருக்கும், முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் செய்யச் சொல்வார்கள். பாஸ்போட், கடிதம், கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடி. வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து நாள் எடுங்கள், சல ரெஸ்ட் குழம்பும்.

உள்ளே உயரம், நிறை, கண், பிரஷர். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார், வயிற்றை அமத்திப் பார்ப்பார், பழைய வருத்தம், ஒப்பரேஷன் எல்லாம் விசாரிப்பார். இளம்பெண்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: இந்தப் பரிசோதனைக்கு மர்ம உறுப்புகளைப் பார்க்கத் தேவையே இல்லை. மார்பைப் பார்க்க வேண்டியிருந்தால் ஏன், எப்படி என்று முதலே சொல்ல வேண்டும், துணைக்கு ஒருவரை உள்ளே வைத்திருக்கக் கேட்கலாம், இடையில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. வெட்கத்தில் பேசாமல் இருக்காதீர்கள்.

எக்ஸ்ரே அறையில்தான் எங்கள் பெண்களுக்கு இன்னொரு சிக்கல், தாலிக்கொடி. நெஞ்சுக்கு நேரே உலோகம் கிடந்தால் படத்தில் வெள்ளையாக விழும், அதனால் கழற்றத்தான் வேண்டும். கவுனை மாற்றிக்கொண்டு வந்த ஒரு அக்கா, கொடியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார், எக்ஸ்ரே எடுக்கிற பிள்ளையோ இரண்டு கையையும் இடுப்பில் வைக்கச் சொல்கிறாள். மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு கொடியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இரவு பஸ்ஸில் அவ்வளவு பவுணோடு போவதும் புத்தியில்லை.

படத்தில் வெள்ளையாக விழும் இன்னொன்று, போரில் வெடித்த செல் குண்டின் துண்டு. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் காயப்பட்ட என் மச்சானுக்குத் தோளுக்குக் கீழே இன்னும் ஒன்று கிடக்கிறது. சொன்னால் வேறு கதை கேட்பார்களோ என்று அவருக்குப் பயம். எக்ஸ்ரேக்கு முதலே டொக்டரிடம் சொன்னார், அவர் தழும்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் படத்தைப் பார்ப்பவர் அது என்னவென்று தானே யோசிக்க வேண்டும்.

நுரையீரலில் சந்தேகமாக ஏதும் தெரிந்தால் மூன்று நாள் சளி எடுப்பார்கள், அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வரக் கிழமைக்கணக்காகும். காசநோய்தான் என்றாலும் விசா போய்விட்டது என்று அர்த்தமில்லை, மருந்தை முடித்த பிறகு விண்ணப்பம் நகரும். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் அந்த மருந்து இலவசம்.

சரி, முடிந்தபின் “பாஸா, பெயிலா” என்று டொக்டரைக் கேட்டுப் பயனில்லை. அவர் அறிக்கையை ஒன்லைனில் அனுப்புவார், முடிவு கனடாவில்தான். கட்டிய காசு விசா கிடைக்காவிட்டாலும் திரும்பாது. மெடிக்கல் 12 மாதம்தான் செல்லும், விசாவின் கடைசித் திகதியையும் பெரும்பாலும் அதை வைத்தே போடுவார்கள். ஆகவே விசா வந்த பிறகு, நல்லூர்த் தேர் முடியட்டும், தங்கச்சியின் கலியாணம் முடியட்டும் என்று இழுக்காமல் முதலில் அந்தத் திகதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.