பலாமரத்து வளைவு

அக்டோபர் 12

ராத்திரி முழுக்க மழை. ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டுக்குள் போகும் மலைச் சைக்கிள் தடம் இது. பலாமரத்து வளைவில் தண்ணீர் மறுபடி தடத்தின் மேலேயே ஓடுகிறது.

அக்டோபர் 13

லெவல் டியூப் வைத்து அளந்தாயிற்று. கொத்தனார் வைத்திருக்கும் அதே குழாய்தான். போனில் இருக்கும் சாய்வுமானியைவிட இதை நம்பலாம். வளைவுக்கு மேலே உள்ள துண்டு 22 மீட்டர் நீளம், 4 மீட்டர் இறக்கம். 18 சதவீதம். அங்கே மலைச்சரிவு 2 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர், அதாவது 30 சதவீதம். தடத்தின் இறக்கம் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி 15. இங்கே 18.

தாண்டினால், மேலிருந்து வரும் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்து கீழே இறங்காது. தடத்தையே வாய்க்காலாகப் பிடித்துக்கொள்ளும். கல் அடுக்கியது, குறுக்கே சவுக்குக் கட்டை பதித்தது எதுவும் ஏன் ஒரு ஐப்பசியைத் தாங்கவில்லை என்பது இப்போது புரிகிறது. கட்டைக்குப் பின்னால் வண்டல் நிறையும், தண்ணீர் ஓரமாகச் சுற்றிப் போய் இன்னொரு பள்ளம் பறிக்கும். நனைந்த கட்டையில் முன்சக்கரம் கொஞ்சம் சாய்வாக ஏறினாலும் வழுக்கிவிடும், அது தனி.

10 சதவீதத்துக்குக் கொண்டுவர 40 மீட்டர் நீளம் வேண்டும். சில்வர் ஓக் வரிசைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனால் கிடைக்கும். வழியில் இரண்டு காபிச் செடி. அவற்றை எடுக்கலாமா என்று எஸ்டேட்டில் கேட்டிருக்கிறது.

அக்டோபர் 14

பதில் இல்லை.

அக்டோபர் 16

டயர் நாள். பின் டயரில் சீலண்ட் (ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் திரவம்) சுத்தமாகக் காய்ந்து ரப்பர் உருண்டைகளாகக் கிடந்தது. சேலம் வெயிலில் வண்டியை நிறுத்தி வைத்தால் இரண்டு மூன்று மாதம்தான் கணக்கு. உருண்டைகளைப் பொறுக்கிவிட்டு, வால்வின் உள்முள்ளைக் கழற்றி சிரிஞ்சில் 100 மில்லி. 29 இஞ்ச் சக்கரத்தில் 2.3 இஞ்ச் அகல டயருக்கு அது போதும்.

காற்று முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ, 70 கிலோ ஆளுக்கு. கீழே அடித்த காற்று மேலே போனால் குளிரில் குறையுமே என்று பலர் ஏற்காட்டில் பம்பைத் தேடுகிறார்கள். வேண்டாம். குளிரில் 2 பிஎஸ்ஐ போலக் குறைகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தாழ்வதால் கேஜில் ஏறத்தாழ அதே 2 கூடிவிடுகிறது. கூட்டிக் கழித்தால் சரியாப் போச்சு.

அக்டோபர் 17

டிக். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டிக்.

அக்டோபர் 19

மழை. எஸ்டேட்டிலிருந்து ஒன்றும் இல்லை.

அக்டோபர் 20

அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி. ரெசின் பேட் (பிசின் கலந்த பிரேக் கட்டை) போட்டு விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் பாதியில் பிரேக் லிவர் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பேட் சூட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும். லிவர் கைப்பிடி வரைக்கும் தொளதொளவென்று வந்தால் அது வேறு: பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது, அல்லது அதன் குழாயில் காற்று. நேர்த்துண்டில் நன்றாக வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டுத்தான் வளைவுக்குள் நுழைய வேண்டும்.

மழைக்காலத்துக்கு மெட்டல் பேட். அதற்கு முன் ரோட்டரை, அதாவது பேட் பிடிக்கும் தட்டைப் பார்க்கணும்: ரெசின் மட்டும் என்று பொறித்திருந்தால் மெட்டல் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். புதுப் பேட்டை மலையில் பழக்கக் கூடாது. சமதளத்தில், ஓரளவு வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், இருபது முறை. ஏரியைச் சுற்றிய ரோடு காலை ஆறு மணிக்கு இதற்குத் தோது.

அக்டோபர் 22

கொஞ்சம் வெறிப்பு. கீழ்த்துண்டில் மூன்று இடத்தில் தேங்கிய தண்ணீரை வடிக்கிற வேலை. மேல்பக்கம் வாய்க்கால் வெட்டத் தொடங்கியதும் மேஸ்திரி வந்து நின்றார். “மேல வெட்டாதீங்க சார், கீழ்க்கரையத் தட்டி உடுங்க. அதுபாட்டுக்குப் போயிரும்.”

சரிதான். டயர் ஓடி ஓடி நடு அமுங்கி, வெளி ஓரத்தில் கரை எழும்பியிருந்தது. அந்தக் கரைதான் தண்ணீரைத் தடத்துக்குள் அடைத்து வைக்கிறது. மூன்று மீட்டர் நீளத்துக்கு அரைவட்டமாகச் சுரண்டி, கீழ்ப்பக்கமாக 15 சதவீதம் சாய்வு கொடுத்தாயிற்று. வெட்டிய மண்ணை ஓரத்திலேயே கொட்டினால் அடுத்த மழையில் மறுபடி கரைதான், எட்ட வீசணும். சில்வர் ஓக் சருகு வந்து அடைக்கும், வாரம் ஒரு தரம் வாரணும்.

பலாமரத்து வளைவுக்கு இந்த வித்தை பலிக்காது. அங்கே தடத்தின் இறக்கம் அதிகம், ஒதுக்கிவிட்டாலும் தண்ணீர் தடத்தோடுதான் ஓடும்.

அக்டோபர் 24

யாரோ ஈரத்தில் ஓட்டியிருக்கிறார்கள். 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரே கோடு, நூறு மீட்டர். எத்தனை முறை சொல்வது. செம்மண் டயரில் அப்பி ஃபோர்க்கில் உரசினால் இறங்கித் திரும்பு, அவ்வளவுதான். காய்ந்ததும் அந்தக் கோடு சிமெண்ட் மாதிரி நிற்கும், அடுத்த மழைக்கு அதுதான் வாய்க்கால்.

அக்டோபர் 26

காபிக்குள் நாலு காட்டுமாடு. மணி அடிக்காமல், மாட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்குவதுதான் வழி. இன்றைக்கு வேலை இல்லை.

அக்டோபர் 29

டிக். கால் நின்றால் சத்தம் நிற்கிறது, ஆகவே சக்கர நடுவில் இருக்கும் ஹப் பேரிங் இல்லை. எழுந்து நின்று மிதித்தாலும் வருகிறது, ஆகவே சீட்டும் சீட் போஸ்ட்டும் இல்லை. இரண்டு பெடலையும் கழற்றி (இடதுக்கு மரை தலைகீழ், அவசரத்தில் எல்லோரும் மறப்பது) கிரீஸ் தடவி மாட்டியாயிற்று. டிக். செயின்ரிங் (முன்பக்கப் பல்சக்கரம்) போல்ட் இறுக்கம் சரி. டிக்.

நவம்பர் 1

காபிப் பழம் அங்கங்கே சிவக்கிறது. பறிப்பு தொடங்கினால் தோட்டத்துக்குள் சைக்கிள் கிடையாது, தை முடிகிற வரைக்கும்.

நவம்பர் 2

பதில் வந்தது. ஒரு செடி எடுக்கலாம், இரண்டு முடியாது.

ஒன்றை விட்டுச் சுற்றினால் 33 மீட்டர். 12 சதவீதம். 15க்குள்தான். போதும்!

நவம்பர் 4

வெட்டு. முதலில் சருகும் கறுப்பு மக்கும் முழுவதையும் வாரித் தனியே. அதன்மேல் தடம் போட்டால் ஒரு மாதத்தில் அமுங்கும். பிறகு சரிவுக்குள்ளேயே முழு அகலத்தையும் வெட்டுவது, 70 சென்டிமீட்டர். பாதி வெட்டி, அந்த மண்ணையே வெளியே போட்டு மீதி அகலத்தை ஒப்பேற்றினால் வெளி ஓரம் சரியும். 70க்கு மூன்றரை சென்டிமீட்டர் வெளிச்சாய்வு. உள் சுவரைச் செங்குத்தாக விடாமல் சாய்த்துச் சீவியாயிற்று, இல்லாவிட்டால் இடிந்து தடத்தில் விழும்.

பதினோராவது மீட்டரிலும் இருபத்திரண்டாவது மீட்டரிலும் ஒரு சின்ன ஏற்றம், மூன்று மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் உயரம். அதற்கு முந்தைய பள்ளத்தில் தண்ணீர் வெளியேறியே ஆகணும்.

நவம்பர் 5

பழைய துண்டை மூடும் வேலை. பள்ளத்தில் குறுக்கே கல் பதித்து, நேற்று வாரிய மக்கைக் கொட்டி, மேலே உண்ணிச்செடிக் கிளை. துண்டின் வாயிலேயே கிளை தெரியணும். கண்ணுக்குத் தடம் தெரிகிறவரை ஆள் போவான்.

நவம்பர் 7

பின் ஆக்ஸிலைக் கழற்றினால் செம்மண். துடைத்து, கிரீஸ், அதில் அச்சிட்டிருந்த 12 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கம். சத்தம் இல்லை.

நவம்பர் 8

இரவு மழை. வலுத்த மழை. புது மண் இன்னும் இறுகவில்லை.

நவம்பர் 9

தண்ணீர் இரண்டு பள்ளத்திலும் வெளியேறியிருக்கிறது. முதல் ஏற்றத்தின் முகப்பு மட்டும் கரைந்து 20 சென்டிமீட்டராகிவிட்டது. கல் வைத்துக் கட்டணும். பறிப்பு திங்கள் என்கிறார்கள். இன்று வெள்ளி.

நவம்பர் 10

காலையிலிருந்து வெயில். விரலை அழுத்தினால் அரை சென்டிமீட்டர் இறங்குகிறது. நாளைக்குக் காய்ந்துவிடலாம்.

டிக். வலது பெடல் கீழே போகும்போது மட்டும்.