டிசம்பரில் அட்மிஷன் கிடையாது என்று சொன்னால் நம்பாதீர்கள்

எங்கள் எஸ்டேட் லயனில் (தொழிலாளர் குடியிருப்பில்) தங்கியிருக்கும் ஜார்க்கண்ட் குடும்பத்தின் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவழியாக அரசுப் பள்ளிக்குப் போகிறார்கள். பட்ட பாட்டை எழுதி வைத்தால், ஏற்காட்டிலோ கீழே சேலத்திலோ இதே வேலைக்கு அலைகிற யாருக்காவது உதவும். கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாகலூர் பக்கம் ஒரு சின்ன காபி எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதுகிறேன். தீபாவளி முடிந்ததும் பழம் பறிப்பு தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் ஆள் பற்றாக்குறை. அதனால் ஜார்க்கண்ட், ஒடிசா என்று வெளியூர்க் குடும்பங்கள் வருகின்றன. இந்தக் குடும்பம் ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்துக்காரர்கள், முண்டா பழங்குடி மக்கள். மூத்தவளுக்கு 9 வயது, அடுத்தவனுக்கு 6, கடைசிக் குழந்தைக்கு 2. அம்மா பழம் பறிக்கப் போனால், மூத்தவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடியில் நிற்பாள். குழந்தை தூங்கிவிட்டால், கீழே சிந்திய பழத்தைப் பொறுக்கி அம்மாவின் கூடையில் போடுவாள். ஊரில் இரண்டாம் வகுப்பு வரை போயிருக்கிறாள். தம்பி பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை.

பக்கத்திலேயே ஈராசிரியர் பள்ளி ஒன்று இருக்கிறது. பிள்ளைகளையும் அவர்கள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். தலைமை ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். இன்னொரு டீச்சர் நல்லவர்தான், ஆனால் பயந்தார். "டி.சி. இல்லை, ஆதார்ல பிரச்சினை, பாதி வருஷம் வேற முடிஞ்சிடுச்சு. ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துடுங்க மேடம்" என்றார்.

கல்வித் துறை ஆபீஸில் இருந்தவர் பிள்ளைகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, டிசம்பர்ல எவனாவது அட்மிஷன் போடுவானா? எமிஸ் எல்லாம் குளோஸ். ஜூன்ல வாங்க. வரும்போது டி.சி., ஆதார், சாதிச் சான்று மூணையும் கொண்டு வாங்க." எமிஸ் என்றால் மாணவர்களைப் பதிவு செய்கிற அரசின் கணினித் தளம். ஜூனில் இவர்கள் எந்த ஊரில் இருப்பார்களோ! மேஸ்திரி எங்கே கூப்பிடுகிறாரோ அங்கே போகிறவர்கள். ஜூன் என்று சொல்வதும் முடியாது என்று சொல்வதும் இவர்களுக்கு ஒன்றுதான். எத்தனையோ இடங்களில் இப்படியே ஜூன், ஜூன் என்று தள்ளித்தான் இந்தப் பிள்ளைகள் படிக்காமலே வளர்ந்துவிடுகிறார்கள்.

சரி, முதலில் ஆதாரையாவது சரி செய்வோம் என்று சேலத்துக்குக் கிளம்பினோம். பெண்ணின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தது, பெயரிலும் பிழை. பையனுக்கு ஆதாரே இல்லை. கொண்டை ஊசி வளைவு 20ஐயும் இறங்கி முடிப்பதற்குள் பையன் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டான். அங்கே போய் வரிசையில் நின்று ஜன்னலை எட்டியபோது, ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வந்தால்தான் இரண்டும் நடக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா, அப்பா இருவருக்கும் அன்றைய கூலி போச்சு. திரும்பும்போது பஸ்ஸில் அந்த அம்மா என்னிடம், "தீதி" (அக்கா) என்று கூப்பிட்டு, விட்டுவிடலாம் என்று சைகையிலேயே சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தப் பயணமே தேவையில்லாதது என்பது அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. வட்டார வள மையத்தில் ஓர் ஆசிரியர் பயிற்றுநர் இருந்தார். முதலிலேயே அங்கே போயிருந்தால் எவ்வளவோ மிச்சம். நீங்கள் இந்த வேலையைத் தொடங்குவதாக இருந்தால் வள மையத்திலிருந்தே தொடங்குங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது அவர்களுடைய வேலை. அதனால் நம்மைத் தொந்தரவாக நினைப்பதில்லை. அவர் கல்வி உரிமைச் சட்டத்தைத் தமிழில் அச்சிட்ட ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, எந்தெந்த இடத்தைக் கோடு போட வேண்டும் என்று காட்டினார். 2009இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம். அதில் எங்களுக்குத் தேவையான எல்லாமே இருந்தது.

டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது: பிரிவு 5. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது: பிரிவு 14. செவிலியர் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, எதுவுமே இல்லையென்றால் பெற்றோர் வயதை எழுதித் தரும் உறுதிமொழி போதும் என்று விதிகள் சொல்கின்றன. வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும்: பிரிவு 15. ஆதார் பற்றி உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க முடியாது.

சாதிச் சான்று விஷயம் தனி. முண்டா மக்கள் ஜார்க்கண்டில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு மாநிலத்துப் பட்டியல் இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வருவதில்லை. நம் ஏற்காட்டு மலையாளி மக்களுக்கு (கேரளத்தவர் இல்லை, இங்குள்ள மலைவாழ் பழங்குடியினர்) கிடைக்கும் சான்றிதழ் மாதிரி இவர்கள் இங்கே வாங்க முடியாது. அதைக் கொண்டுவா என்று அனுப்பினால் காலம் முழுக்க அலைய வேண்டியதுதான். சேர்க்கைக்கு அது தேவையும் இல்லை. ஊர்ச் சான்றிதழ் இருந்தால் பத்திரமாக வைத்திருக்கட்டும், திரும்பிப் போனால் உதவும்.

மறுபடி ஆபீஸுக்குப் போனேன். இந்த முறை பிரிவுகளைக் குறிப்பிட்டு அப்பா பெயரில் எழுதிய மனு, அவருடைய கைநாட்டு, கூடவே வயது உறுதிமொழி. அதே ஆள், அதே பதில். மனுவில் சீல் போட்டுத் தர மாட்டேன் என்றார். "சரிங்க சார், சேர்க்க முடியாதுன்னு காரணத்தோட எழுதிக் கொடுத்துடுங்க, போதும்" என்றேன். பேனாவை எடுத்தார், வைத்தார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "ஸ்கூலுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், அங்கேயே போங்க." அவ்வளவுதான்! இத்தனை நாள் மூடியிருந்ததாகச் சொன்ன எமிஸ் அன்றைக்கே திறந்துகொண்டது. வெளியே வந்ததும் அந்த அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வாயால் சொல்லும் மறுப்பு எளிது, எழுத்தில் யாரும் தருவதில்லை. இதை மட்டும் மறக்காதீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மனுவைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது.

பையனுக்கு முதல் வகுப்பு, பிரச்சினை இல்லை. பெண்ணையும் முதல் வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். "தமிழே தெரியாதே மேடம், ஒண்ணுல இருந்துதானே வரணும்" என்று தலைமை ஆசிரியரே சொன்னார். 9 வயதுப் பிள்ளை, தம்பியை விடச் சின்னதுகளோடு, முழங்காலை மடக்கிக்கொண்டு அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவமானத்தில் தலை நிமிரவே இல்லை. இதற்கும் சட்டத்தில் வழி உண்டு. பிரிவு 4, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளையின் திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருக்கிறதே, அதையே எடுத்துப் பேசினோம். நான்காம் வகுப்பில் உட்காரட்டும், தமிழுக்கு மட்டும் அரும்பு நிலையில் சொல்லிக் கொடுங்கள் என்று பயிற்றுநர் கேட்டார். தலைமை ஆசிரியர் கொஞ்சம் யோசித்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷி. அவர் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சேலத்தில் நெசவுத் தெருவில் வளர்ந்தவர், தமிழைப் பள்ளிக்கூடத்தில்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். சேலத்தில் இப்படி எத்தனை வீடுகள்! தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் என்று வீட்டுக்கு ஒரு மொழி. அந்தப் பிள்ளைகளை எல்லாம் பொறுமையாகப் படிக்க வைத்த ஊர் இது, இந்தப் பிள்ளைக்கு மட்டும் பொறுமை இல்லையா என்று நான் கேட்டபோது அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

ஆனால் பெரிய தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. வடக்கே இருந்து வந்தவள், இந்தி தெரியும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இந்தி தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்து கேள்வி கேட்க வைத்தார்கள். பெண் வாயே திறக்கவில்லை. "எதுக்குமே பதில் சொல்ல மாட்டேங்குது, கற்றல் குறைபாடு இருக்கும் போல, சிறப்பாசிரியரை வரச் சொல்லிப் பார்க்கலாம்" என்று பேச்சு போய்விட்டது. அவள் வீட்டு மொழி இந்தி இல்லை, முண்டாரி. இன்னொரு பழங்குடி மொழியான சந்தாலிக்காவது 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில், அங்கீகரிக்கப்பட்ட மொழிகளின் பட்டியலில், இடம் உண்டு. முண்டாரிக்கு அதுவும் இல்லை. இந்தியை அவள் கேட்டதே அந்த இரண்டு வருடப் பள்ளியில்தான். புரியாத ஒரு மொழிக்கு மேலே புரியாத இன்னொரு மொழியில் கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்?

மறுநாள் ஒரு கைப்பிடி காபிக்கொட்டையைக் கொண்டுபோய் மேசையில் கொட்டினேன். எண்ணிக் காட்டு என்று விரலால் சைகை செய்தேன். என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே மெதுவாக, "மியத், பாரியா, ஆபியா, உபுனியா..." என்று போனாள். குரல் போகப் போக உயர்ந்தது. பத்துப் பத்தாகக் குவித்து வைத்தாள். பத்துக் குவியலிலிருந்து மூன்றை எடுத்துவிட்டுக் கேட்டால் மிச்சத்தைக் கண்ணாலேயே சொல்கிறாள். டீச்சர் கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதினார், அதையும் போட்டுவிட்டாள். "ஐயோ, இவ்வளவும் தெரியுமா உனக்கு!" என்று டீச்சர் அவள் கன்னத்தைத் தொட்டார். சிறப்பாசிரியர் பேச்சு அத்தோடு நின்றது. வெளி மாநிலப் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் தயவுசெய்து வீட்டில் என்ன மொழி என்று அம்மாவிடமே கேட்டு, மனுவிலேயே எழுதுங்கள். மாநிலத்தின் பெயரை வைத்து ஊகிக்க விடாதீர்கள். முடிந்த வரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று பிரிவு 29 சொல்கிறது. முண்டாரி ஆசிரியருக்கு ஏற்காட்டில் எங்கே போவது? ஆனால் பிள்ளைக்கு ஒரு மொழி இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிகிறது. அம்மாவை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து 30 சொற்களை டீச்சர் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார்: தண்ணீர், வா, உட்கார், வலிக்கிறது, இப்படி. அந்தத் தாள் இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைவிட வேகமாகத் தமிழ் சொல்லித் தருவது கூடப் படிக்கிற மலையாளிப் பிள்ளைகள்தான். விளையாட்டில் திட்டுவது முதற்கொண்டு கற்றுக் கொடுத்துவிட்டார்கள்.

பழைய பள்ளிப் பதிவு இன்னொரு தலைவலி. நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் விவரத்தை வைத்திருக்கும் யுடைஸ் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு, பென் நம்பர் என்பார்கள். அதில் அவள் இன்னும் ஊர்ப் பள்ளியிலேயே படிப்பதாக இருந்தது. புது எண் போட்டுவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன், ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் இருந்தால் நாளைக்கு அவள்தான் அலைவாள். அவள் மாமாவின் செல்போன் வழியாக அந்த ஊர்த் தலைமை ஆசிரியரைப் பிடித்தோம். பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், எண்ணையும் விடுவித்தார். அவள் உண்மையான பிறந்த தேதியும் அந்தப் பக்கத்தில் இருந்தது. எந்த ஆபீஸும் தராததை முகம் தெரியாத ஒரு வாத்தியார் சாயங்காலத்துக்குள் செய்து கொடுத்தார்.

கைக்குழந்தையை அங்கன்வாடியில் விட ஒரே நாள்தான் ஆனது. ஆனால் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் நிலைத்திருக்காது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் மூத்த பெண்ணைத்தான் நிறுத்துவார்கள். பள்ளியில் சேர்க்கிற அன்றைக்கே அங்கன்வாடிக்கும் போய்விடுங்கள். பள்ளியில் தருகிற காலை உணவும் பெரிய பலம். விடிந்ததும் பறிப்புக்குக் கிளம்புகிற அம்மா சமைத்து வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. பெயர் பதிவில் ஏறும் முன்பே, முதல் நாளே இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பொங்கல் போட்டவர் அங்கே சமைக்கிற அக்கா.

பழம் பறிப்பு முடிந்ததும் குடகுக்கு வேலைக்குப் போகலாம் என்று மேஸ்திரி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் பேசிவிட்டேன். மிளகுப் பறிப்பும் கவாத்தும் இருக்கிறது, ஏப்ரல் வரை வேலை தருகிறேன் என்றிருக்கிறார். லயன் வீட்டையும் அதுவரை காலி செய்ய வேண்டாம். ஆண்டுத் தேர்வு முடிந்து, டி.சி.யும் பென் நம்பரும் கையில் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். டி.சி. ஆங்கிலத்திலும் வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை சீல் கேட்காமலே போட்டுக் கொடுத்தார்.