ஸ்பிரிங்க்ளர் எட்டும் தூரம்: வட்டத்தின் சமன்பாடு எனக்குப் புரிந்த விதம்

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் ஒரு கணக்கு வந்தது. 2எக்ஸ்² + 2ஒய்² − 24எக்ஸ் − 20ஒய் + 72 = 0 என்ற வட்டத்தின் மையமும் ஆரமும் காண வேண்டும். எக்ஸ்² + ஒய்² + 2ஜிஎக்ஸ் + 2எஃப்ஒய் + சி = 0 என்ற பொது வடிவில் மையம் (−ஜி, −எஃப்), ஆரம் √(ஜி² + எஃப்² − சி) என்று மனப்பாடம் செய்திருந்தேன். மையம் (12, 10), ஆரம் √172 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். விடைத்தாள் கைக்கு வந்தபோது அது தவறு. சூத்திரம் சரிதான், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது அந்தப் பாடத்துக்குத் தயாராகிறவர்களுக்காக, எனக்குப் பிறகு எப்படிப் புரிந்தது என்பதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு நீலகிரியில், கேத்தி பாலாடா பக்கம். கேரட் தோட்டம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். விடிகாலையில் ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பனியைக் கழுவிவிடாவிட்டால், வெயில் ஏறியதும் இலை கருகிவிடும். அரையாண்டு லீவில் ஒருநாள் அப்பாவுக்கு உதவியாக நின்றேன். ஸ்பிரிங்க்ளர் கம்பியை நான் ஊன்றப் போனபோது, “அந்த மூலைக்கு எட்டாதும்மா, ரெண்டடி தள்ளி நடு” என்றார். கொஞ்ச நேரத்தில் கம்பியைச் சுற்றி மண் கருப்பாக நனைந்திருந்தது, அதற்கு வெளியே எல்லாம் வெள்ளைப் பனி. கருப்பும் வெள்ளையும் சந்திக்கிற அந்தக் கோடுதான் வட்டம். கோட்டில் எங்கே நின்றாலும் கம்பிக்கு ஒரே தூரம். (சரிவான நிலத்தில் கீழ்ப்பக்கம் தண்ணீர் சற்றுக் கூடுதலாகப் போகும், அதனால் எங்கள் தோட்டத்தில் அது அசல் வட்டமாக இருக்காது. பாடத்துக்குச் சமதளம் என்றே வைத்துக்கொள்வோம்.)

சரி, இதைத் தாளில் வரையலாம். பாத்தியின் ஒரு மூலை ஆதிப்புள்ளி. கம்பி அங்கிருந்து கிழக்கே 6 மீட்டர், வடக்கே 5 மீட்டர். தண்ணீர் 5 மீட்டர் எட்டுகிறது. கோட்டின் மேல் இருக்கும் ஏதோ ஒரு செடி (எக்ஸ், ஒய்). கம்பிக்கும் செடிக்கும் உள்ள தூரம் 5 என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். தூரம் காணப் பிதாகரஸ் இருக்கிறார்: (எக்ஸ் − 6)² + (ஒய் − 5)² = 25. வட்டத்தின் சமன்பாடு என்பது இந்த ஒரே வாக்கியம். “மையத்திலிருந்து என் தூரம் மாறாது” என்று அந்தச் செடி சொல்வதாக நான் படித்துக்கொள்வேன்.

அடைப்பை விரித்தால் எக்ஸ்² + ஒய்² − 12எக்ஸ் − 10ஒய் + 36 = 0. பார்க்கவே வேறு ஆள் மாதிரி இருக்கும், ஆனால் அதே வட்டம்தான். மையத்தின் 6, −12 ஆக மாறியது ஏன்? வர்க்கத்தை விரிக்கும்போது இரட்டிப்பாகிறது, கழித்தல் குறியும் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் திரும்பி வரும்போது பாதியாக்கி, குறியை மாற்றுகிறோம். ஜி, எஃப் சூத்திரத்தின் மொத்த ரகசியமும் இதுதான். ஒருமுறையாவது சூத்திரத்தைத் தொடாமல், வர்க்கத்தைப் பூர்த்தி செய்து பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பாருங்கள். எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் குறி தப்பியதே இல்லை.

இப்போது என் அரையாண்டுத் தவறைப் பாருங்கள். அந்தச் சமன்பாடு இதே வட்டத்தை 2 ஆல் பெருக்கியதுதான். எக்ஸ்², ஒய்² இரண்டின் கெழுவையும் முதலில் 1 ஆக்க வேண்டும் என்பது தனியாக மனப்பாடம் செய்யும் விதியல்ல. தூரத்தின் வர்க்கத்தில் எக்ஸ்² ஒருமுறைதான் வரும், அதனால்தான். விடை வந்ததும் சரிபார்க்கவும் வழி உண்டு. மையம் (6, 5), ஆரம் 5 என்றால் நேர் வலப்பக்கம் (11, 5) வட்டத்தின் மேல் இருக்க வேண்டும். கேள்வியில் பிரதியிட்டால் 242 + 50 − 264 − 100 + 72 = 0. பத்து விநாடி வேலை. அன்று இதைச் செய்திருந்தால் தவறு அங்கேயே தெரிந்திருக்கும்.

புள்ளி உள்ளேயா வெளியேயா என்பதும் இதே வாக்கியம்தான். (10, 7) செடிக்குத் தூரத்தின் வர்க்கம் 16 + 4 = 20. அது 25 ஐ விடக் குறைவு, அதனால் செடி நனையும். (11, 8) செடிக்கு 25 + 9 = 34, தண்ணீர் எட்டாது. இந்த 34 இல் 25 போக மீதி 9. விரித்த சமன்பாட்டில் (11, 8) ஐப் பிரதியிட்டாலும் அதே 9 வரும். அதன் வர்க்கமூலம் 3 தான் அங்கிருந்து வரையும் தொடுகோட்டின் நீளம். தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து, ஆகவே அங்கே ஒரு செங்கோண முக்கோணம் இருக்கிறது. நம்பிக்கை வராவிட்டால் படம் வரையுங்கள். (11, 8) இலிருந்து நேர் கீழே (11, 5) இல் கோடு வட்டத்தைத் தொடும், நீளம் சரியாக 3. இந்தப் படத்தை வரைந்த அன்றுதான் எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனது.

விட்டத்தின் முனைகள் தரும் கணக்கில் அரைவட்டத்துக் கோணம் 90 பாகை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், போதும். மூன்று புள்ளிகள் தந்தால் ஜி, எஃப், சி என மூன்று தெரியாதவை, மூன்று சமன்பாடுகள். நேரம் எடுக்கும், ஆனால் சிக்கல் இல்லை. ஜி² + எஃப்² − சி குறை எண்ணாக வந்தால் பதற வேண்டாம். தூரத்தின் வர்க்கம் குறை எண்ணாக முடியாது, ஆகவே அப்படி ஒரு வட்டத்தை வரைய முடியாது.

அதே பாடத்தில் அடுத்து வரும் பரவளையமும் தூரம் பற்றிய வாக்கியமே: குவியம் என்ற புள்ளிக்கும் இயக்குவரை என்ற கோட்டுக்கும் சம தூரம். ஊட்டி பக்கம் முத்தோரையில் 1970 இல் அமைத்த ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், குறுக்குவெட்டில் பரவளையம்தான். நீலகிரிப் பிள்ளைகள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு அந்தப் பகுதியைத் தொடங்கலாம்.

ஒரு கணக்கு தருகிறேன். எங்கள் பாத்தியில் ஸ்பிரிங்க்ளரை நகர்த்த வேண்டும். எட்டும் தூரம் அதே 5 மீட்டர், ஆனால் தண்ணீர் எக்ஸ் அச்சு வரப்பு, ஒய் அச்சு வரப்பு இரண்டையும் தொட்டு மட்டும் நிற்க வேண்டும். கம்பியை எங்கே நடுவது, விரித்த சமன்பாட்டில் கடைசி எண் என்ன? சூத்திரத்தைப் பார்க்காமல், படம் வரைந்து செய்யுங்கள்.