பாட்டிக்கு ரெண்டு சொல்

ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பேச்சுப் பயிற்சி வேலைக்குச் சேர்ந்த புதிது. யூண்டுமு என்ற பூர்வகுடி ஊரிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் கார் பயணம் செய்து, நாலு வயதுப் பெண் குழந்தையைப் பாட்டி அழைத்து வந்திருந்தார். படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் பரிசோதனை. ஜன்னல், கரண்டி, கப்பல். குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலச் சொல்வளம் என்ற கட்டத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம் போட்டேன்.

பாட்டி சிரித்துவிட்டார். "உனக்குத்தான் தெரியுமே, அப்புறம் எதுக்கு அவளைக் கேக்குற?"

விடை தெரிந்தவரே கேள்வி கேட்பது பல பூர்வகுடிக் குடும்பங்களில் வழக்கமில்லை. "மூக்கு எங்கே, காது எங்கே" என்று கேட்டுக் கேட்டே வளர்க்கப்பட்ட எனக்கு அது உறைக்கவே நாளாயிற்று.

அவர்கள் வீட்டில் பேசுவது வார்ல்பிரி என்ற பூர்வகுடி மொழி. அம்மாவின் அம்மா ஜாஜா, அப்பாவின் அம்மா யபர்லா. அம்மாச்சி, அப்பத்தா என்று பிரித்துக் கூப்பிட்ட எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஆங்கிலத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே சொல். என் தாளில் ஜாஜாவுக்கும் மதிப்பெண் இல்லை, யபர்லாவுக்கும் இல்லை.

அதற்காக எல்லாப் பழியையும் தாளின்மீது போட்டுவிட முடியாது. அவள் காதில் நீர் கோத்திருந்தது. நெரிசலான வீடுகளில் கைக்குழந்தையிலேயே தொடங்கிவிடும் தொல்லை இது. நாட்பட்ட சீழ்க்காது நூற்றில் 4 குழந்தைக்கு மேல் இருந்தாலே அவசரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி பகுதியின் தொலைதூர ஊர்கள் பலவற்றில் அந்த அளவு எப்போதோ தாண்டிவிட்டது. சளி பிடித்த வாரம் மந்தமாகக் கேட்கும், அடுத்த வாரம் தெளியும். பள்ளியில் "இவளுக்கு இஷ்டமிருந்தாத்தான் காது கேக்கும்" என்பார்கள். ஆங்கிலப் பன்மைக்கு உயிரே அந்தக் கடைசி 'ஸ்' தான். காது மந்தமானால் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

மறுமுறை அறைக்குள் போகவில்லை. பாட்டி வெளியே மணலில் உட்கார்ந்து விரலால் கதை வரைந்தார். குதிரை லாட வடிவில் ஒரு வளைவு போட்டால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். பாதியில் குழந்தை பாட்டியின் கையைத் தள்ளிவிட்டு, மீதிக் கதையைத் தானே சொன்னாள். உடனிருந்த வார்ல்பிரி உதவியாளர் சொற்களை எண்ணிக்கொண்டே வந்து, 60ஐத் தாண்டியதும் கதையில் லயித்து எண்ணுவதை விட்டுவிட்டார்.

காது மருத்துவருக்குச் சீட்டு எழுதினேன். அறிக்கையில் ஆங்கிலத்துக்கு ஒன்று, வார்ல்பிரிக்கு ஒன்று என்று ரெண்டு எண்களையும் போட்டு அனுப்பினேன். ஒரு கட்டத்துக்குள் ஓர் எண்தான் வர வேண்டும் என்று அறிக்கை திரும்பி வந்தது.