எந்த வழி என்று சொல்லுங்கள்

சேலத்தில் ஒரு கேபிள் சேனலில் 14 வருடமாக இரவு ஏழரை மணிச் செய்தி வாசிக்கிறேன். வாசிக்கிறேன் என்று சொன்னாலும், மத்தியானம் போனில் கூப்பிட்டுச் செய்தி சேகரிப்பது, எழுதுவது, சில நாள் எடிட்டிங்கில் உட்காருவது எல்லாம் நான்தான். உள்ளூர் சேனல் என்றால் அப்படித்தான், ஒருத்தர் நாலு வேலை பார்த்தால்தான் செய்தி போகும்.

உள்ளூரில் வாசிப்பதில் ஒரு விஷயம், கேட்கிறவருக்கு அந்த இடம் நம்மைவிட நன்றாகத் தெரியும். ‘வாழப்பாடி’யில் ழகரம் கொஞ்சம் வழுக்கினாலும் மறுநாள் அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் தக்காளிக்காரம்மா, "ஏன் கண்ணு, எங்க ஊர் பேரை அப்படிச் சொன்ன?" என்று கேட்டுவிடுவார். எனக்கு அது பிடிக்கும். அவர் செய்தியைக் காதால் மட்டும் கேட்கவில்லை, தன் ஊர் எப்போது வரும் என்று காத்திருந்து கேட்டிருக்கிறார்.

தினமும் வாசிக்கிற மேட்டூர் அணை நிலவரமும் அப்படித்தான். அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் தண்ணீருக்குள் கிடக்கும் பழைய தேவாலயக் கோபுரமும் நந்தி சிலையும் வெளியே தெரியும், பார்க்கக் கூட்டம் கிளம்பும். 120-ஐ நெருங்கினால் உபரிநீர் 16 கண் மதகு வழியாகப் போகும், கரையோரம் தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்கள் சாமான்களைக் கட்ட வேண்டும். ஒரே எண்தான், ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு காரணத்துக்காக டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒரு முறை தப்பு செய்தேன்.

ஐப்பசி மழை, மூன்று நாளாக விடாமல் பெய்தது. செய்தி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு குறிப்பு வந்தது. மண் சரிவு, ஏற்காடு மலைப்பாதையில் போக்குவரத்து நிறுத்தம். அவ்வளவுதான் இருந்தது, நானும் அப்படியே வாசித்தேன். ஏற்காட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவது ஒன்று, குப்பனூர் வழி இன்னொன்று. அன்றைக்கு மண் சரிந்தது அடிவாரம் வழியில். குப்பனூர் வழியில் வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது.

நாலு நாள் கழித்து, மலையில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் அலுவலகத்துக்கே வந்தார். அவர் மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், சேலத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். நான் வாசித்ததைக் கேட்டு, வழியே இல்லை என்று மறுநாள் காலை வண்டி சொல்லாமல் இருந்துவிட்டார்கள். மத்தியானம்தான் யாரோ குப்பனூர் பக்கம் திறந்திருக்கிறது என்று சொல்லி, அரக்கப் பரக்கக் கூட்டி வந்திருக்கிறார். அதற்குள் அந்த அம்மாவுக்குக் கால் முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டதாம். இப்போது பரவாயில்லை என்றார். அவர் சண்டை போட வரவில்லை. "எந்த வழின்னு மட்டும் சொல்லிடு கண்ணு, நாங்க உன் வாயைத்தான் பார்த்துட்டு இருக்கோம்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ கூடக் குடிக்காமல், கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கணும் என்று கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு என் எழுத்து மாறியது. மின்தடை என்றால் எந்தத் தெரு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேட்காமல் எழுதுவதில்லை. ஆடித் திருவிழாவில் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலத்தை நேரலையாகச் சொல்லும்போதும், சாமி வேஷம் கட்டி வருகிறவர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எந்த ரோடு அடைப்பு, ஆம்புலன்ஸ் எப்படிப் போகலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நிமிடம் போகிறது, விளம்பரம் காத்திருக்கிறது என்று சக ஊழியர்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும், அந்த அரை நிமிடத்தை நான் விட்டுத்தர மாட்டேன். பெரிய சேனல்கள் சென்னையிலிருந்து ‘ஏற்காட்டில் கனமழை’ என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போகலாம். எங்களுக்கு அந்த வசதி கிடையாது, இருக்கவும் கூடாது.

பெரியவரின் எண்ணை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டேன். மழை பிடித்தால் போலீசிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் கேட்டுவிட்டு, கடைசியாக ஏழு மணிக்கு அவரைக் கூப்பிடுகிறேன். போன வாரமும் கூப்பிட்டேன். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டுவிட்டு, ரோடு எப்படிங்கய்யா என்றேன்.

"அடிவாரம் பக்கம் ஒரு மரம் சாஞ்சு கிடக்கு, வெட்டிட்டு இருக்காங்க. குப்பனூர்ல வண்டி போகுது. சீக்கிரம் வாசி, கரண்ட் போயிடும் போல."