இந்தக் களைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது

மார்ச் 3
சீப்பில் மறுபடியும் கொத்தாக முடி.

மார்ச் 5
ரிப்போர்ட் வந்துவிட்டது. லூபஸ் கிளம்பினால் ரத்தத்தில் இறங்கும் புரதங்களான சி3, சி4 இரண்டும் சரியான அளவில் இருக்கின்றன. சிறுநீரில் புரதம் இல்லை. என் எதிர்ப்புச் சக்தியே என் உடம்பைத் தாக்கும் இந்த லூபஸ் அடங்கித்தான் இருக்கிறதாம். அப்புறம் ஏன் பாதி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்? ஸ்டீராய்டைக் கூட்டிவிடுவாரோ என்ற பயத்தோடுதான் உள்ளே போனேன். டாக்டர் கூட்டவில்லை. எச்சில் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 7
தைராய்டைத் தூண்டிவிடும் டி.எஸ்.எச். 14.8, ரொம்ப அதிகம். தைராய்டு சுரக்கும் ஃப்ரீ டி4 குறைவு.

மார்ச் 8
தூக்கம் வரவில்லை. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளான ஆன்டி டி.பி.ஓ.வும் பாசிட்டிவ். ஹாஷிமோட்டோ நோய் என்கிறார் டாக்டர். ஜப்பானில் ஒரு மருத்துவர் 1912லேயே இதை எழுதி வைத்துவிட்டாராம். என் மூட்டையும் தோலையும் படுத்திய அதே எதிர்ப்புச் சக்தி, இப்போது தைராய்டிலும் கை வைத்திருக்கிறது. லூபஸ் முற்றி வந்ததல்ல, இது தனி நோய். ஆனால் லூபஸ் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது மற்றவர்களைவிட அதிகம் என்றார். அப்படியென்றால் மாதாமாதம் இத்தனை குழாய் ரத்தம் எடுத்தார்களே, அதில் டி.எஸ்.எச். ஒரு வரியாகக் கூட ஏன் இல்லை? களைப்பு, முடி கொட்டுவது, மூட்டு வலி, முகம் ஊதுவது எல்லாம் இரண்டுக்கும் பொது. எது வந்தாலும் லூபஸ் தலையில் கட்டிவிட்டால் இன்னொன்று எப்படித் தெரியும்? கோபம் கோபமாக வருகிறது.

மார்ச் 9
தைராய்டு ஹார்மோன் மாத்திரை, 50 மைக்ரோகிராம். எவ்வளவு சின்ன மாத்திரை! எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அரை மணி நேரத்துக்கு வேறு எதுவும் கூடாது. கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இது உடம்பில் சேராது. அலாரம் வைத்துவிட்டேன்.

மார்ச் 14
அம்மாவுக்கும் தைராய்டு. எனக்கு லூபஸ் வந்தபோது அதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது பாப்பாவைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. நோய் அப்படியே இறங்குவதில்லை, வரக்கூடிய தன்மைதான் குடும்பத்தில் இறங்கும், பலருக்கு ஒன்றுமே வராது என்றார் டாக்டர். சரி. ஆனாலும் அவள் ஓடி விளையாடிவிட்டு வந்து "அம்மா, டயர்டா இருக்கு" என்றதும் கழுத்தைத்தான் பார்த்தேன்.

மார்ச் 22
ஒரு மாற்றமும் இல்லை. ஆறு வாரமாவது ஆகுமாம்.

ஏப்ரல் 2
முடிக்கென்று சாப்பிட்ட பயோட்டின் வைட்டமினை டெஸ்டுக்கு முன் நிறுத்தச் சொல்லிவிட்டார். டி.எஸ்.எச். அளவையே மாற்றிக் காட்டுமாம். இதை மாத்திரை அட்டையிலேயே பெரிதாக அச்சடிக்க வேண்டும்.

ஏப்ரல் 13
மதியம் படுக்கவில்லை! பாப்பாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டேன், நடுவில் கையை இறக்காமல்.

ஏப்ரல் 20
காலையில் விரல்கள் மடங்கவில்லை. இது தைராய்டா, லூபஸா?

ஏப்ரல் 27
டி.எஸ்.எச். 6.1. மாத்திரை இனி 75. சந்தோஷப்பட்டிருப்பேன், ஆனால் சி3 இறங்கியிருக்கிறது. நாளைக் காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.