சம்மாந்துறை ஆலைகளில் எனக்குக் கிடைத்த மனிதர்கள்

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, கொழும்பில் யாரையும் தெரியாத எங்களுக்கு எப்படி வேலை கிடைக்கும்?" அவர்களுடைய கவலை எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனால் நெல்லைப் பற்றிப் படிப்பவர்கள் முதலில் தேடிப் போகவேண்டிய இடம் கொழும்பு அல்ல. பெரும்போக அறுவடை முடிந்ததும் நம் வயல்களின் நெல் சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போகிறது. லொறி லொறியாகப் பொலன்னறுவைக்கும் போகிறது. அந்த நெல்லை வாங்கி, அவித்து, குற்றி, விற்பவர்கள்தான் நமது தொழில்துறை. அவர்கள் பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள்.

நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள். எங்கள் உறவில் ஆலைக்காரர் எவரும் இல்லை. இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது, நெல் குற்றும்போது அரிசி ஏன் உடைகிறது என்பது. விரிவுரையாளர் தந்த கடிதத்தோடு, ஒரு தோழியையும் அழைத்துக்கொண்டு சம்மாந்துறையில் ஓர் ஆலைக்குப் போனேன். உரிமையாளரான ஹாஜியார் கடிதத்தை முழுவதும் வாசித்துவிட்டு, "மகள், உங்களுக்குப் பட்டம் கிடைக்கும். எனக்கு இதால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்.

தொழில்துறையில் ஆட்களைத் தெரிந்துகொள்ள விரும்பும் எந்த மாணவரும் வீட்டிலிருந்து புறப்படும் முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் அவரிடம் சொன்னது இதுதான்: வெவ்வேறு விவசாயிகளிடமிருந்து வரும் நெல்லில் எந்த நெல் அதிகம் உடைகிறது, எதனால் உடைகிறது என்று எழுதித் தருகிறேன். அவர் சம்மதித்தார்.

நெல்லைக் குற்றுவதற்கு ஏற்ற ஈரப்பதன் ஏறத்தாழ 14 சதவீதம். வெட்டு இயந்திரத்திலிருந்து நேரே வரும் நெல்லில் அது 20 சதவீதத்தையும் தாண்டியிருக்கும். அதனால் விவசாயிகள் நெல்லை வீதியோரத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். கொதிக்கும் தாரில் நெல் வேகமாகக் காய்கிறது. மூடாமல் விட்டால் இரவுப் பனியில் மறுபடியும் ஈரத்தை உறிஞ்சுகிறது. அப்போது மணிக்குள் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுகின்றன. புழுங்கல் அரிசிக்கு அவிக்கும்போது மாப்பொருள் இளகி அந்த வெடிப்புகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பச்சை அரிசிக்கு அந்த வாய்ப்பு இல்லை, குற்றும்போது குறுணலாகிவிடும். பாடப்புத்தகத்தில் உள்ள இந்த விடயத்தை ஹாஜியாரின் ஆலைக்கு வந்த நெல்லிலேயே அளந்து, ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை அவர் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த அக்கரைப்பற்று ஆலைக்காரர் ஒருவர், தன் ஆலைக்கும் வந்து பார்க்கும்படி அழைத்தார். விலாசம் கேட்டு நான் அலையவே இல்லை.

ஆய்வறிக்கையைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்ததோடு பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. நெல்லும் நேரமும் தந்தவருக்கு அதன் முடிவு போய்ச் சேருவதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விடயம். அடுத்த வருடம் அதே ஆலைக்குப் போகும் மாணவருக்குக் கதவு அரைவாசிதான் திறக்கும்.

உரிமையாளரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். எனக்கு அதிகம் கற்றுத் தந்தவர் அங்கே இயந்திரம் பார்த்த அண்ணன். உமி நீக்கும் இறப்பர் உருளைகளின் இடைவெளியை, வெளியே வரும் அரிசியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தே அவர் சரிசெய்வார். உருளை தேய்ந்துவிட்டதைச் சத்தத்தில் கண்டுபிடிப்பார். பிறகு அவர் வேறோர் ஆலைக்கு மாறினார். அங்கே தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னவரும் அவர்தான். இன்று நான் வேலை செய்வது அந்த ஆலையில்தான்.

இந்தத் தொழிலில் கேட்கக்கூடாத கேள்விகளும் உண்டு. நெல் எவ்வளவு இருப்பில் இருக்கிறது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று முதல் நாளே கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். வந்திருப்பவர் அதிகாரியோ, போட்டியாளரின் ஆளோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள், நெல்லைப் பற்றிக் கேளுங்கள். ஏடி 362 போன்ற சிவப்பரிசி நெல்லினம் எப்படிக் குற்றுப்படுகிறது என்று கேளுங்கள். மணிக்கணக்காகச் சொல்வார்கள். அறுவடை உச்சத்தில் இருக்கும்போது போகவே வேண்டாம். அந்த நாட்களில் ஆலையில் இரவு பகல் கிடையாது.

லிங்க்ட்இன் கணக்கு வைத்திருப்பது நல்லதுதான். கொழும்பு நிறுவனங்களில் இருக்கும் நமது பீடத்து மூத்த மாணவர்களை அதில் காணலாம். "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்பதை விட, அவர்கள் செய்யும் வேலையைப் பற்றி ஒரு திட்டமான கேள்வியை அனுப்பினால் பதில் வரும்.

சிங்களத்தைப் பற்றியும் அழுத்திச் சொல்ல வேண்டும். அம்பாறை நகரத்து அலுவலர்கள், பொலன்னறுவை ஆலைக்காரர்கள், பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிறுவகத்தில் இருப்பவர்கள் என்று நெல்லோடு வாழும் பலரோடு நெருங்கிப் பேச அந்த மொழி வேண்டும். பிழையாகப் பேசினாலும் அவர்கள் பொறுமையாகத் திருத்துகிறார்கள்.

நான் சம்மாந்துறைக்குப் போய்வருவதை அம்மா முதலில் விரும்பவில்லை. பெண்பிள்ளை, தெரியாத ஊர், ஆண்கள் வேலை செய்யும் இடம் என்று அவருக்குப் பல பயங்கள். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கசப்பான காலங்களைப் பார்த்த தலைமுறை அவருடையது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். போகுமிடம், திரும்பும் நேரம், ஆலையின் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். பின்னர் ஒரு நாள் ஹாஜியாரின் மனைவி அம்மாவோடு தொலைபேசியில் பேசினார். அதன் பிறகு பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வருகிறது. பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து பலகாரம் போகிறது.

இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் சிறுபோக அறுவடை முடிந்து ஆலைகளில் வேலை சற்றுத் தணிந்ததும் எங்கள் ஆலைக்கு வரலாம். பீடத்துக் கடிதத்தோடு, நீங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள், பார்த்த பிறகு எங்களுக்கு என்ன எழுதித் தருவீர்கள் என்பதையும் ஒரு தாளில் கொண்டு வாருங்கள். இயந்திரம் பார்க்கும் அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன்.